பழைய மருந்து ஆய்வைப் படிக்க ஒரு பென்சில் போதும்

ஆய்வுக் கட்டுரை படிக்கப் பழக விரும்பினால் இந்த மாதம் வெளிவந்ததை எடுக்காதீர்கள். என் ஜர்னல் கிளப்புக்கு (ஆய்வுக் கட்டுரைகளைக் கூடிப் படிக்கும் குழு) வரும் முதுநிலை மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். புதுக் கட்டுரையில் யார் சொல்வது நிற்கும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. முப்பது நாற்பது வருடம் ஆனதென்றால் சண்டை ஓய்ந்திருக்கும், யார் எங்கே சறுக்கினார்கள் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

கட்டுரையைத் திறக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அது வெளிவந்த நாளுக்கு முந்தைய நாள் வரை மருத்துவர்கள் எதை நம்பினார்கள் என்று ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். அந்தக் காலப் பாடநூலும் தலையங்கங்களும் இதற்குப் போதும். இதைச் செய்யாமல் படித்தால், அன்றைய ஆட்கள் எல்லோரும் முட்டாள்களாகத் தெரிவார்கள்.

1980களின் இதய மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு இதயத்தின் கீழறையில் அடிக்கடி கூடுதல் துடிப்பு வந்தால், திடீர் மரணம் நேரும் வாய்ப்பு அதிகம். இது உண்மை. அப்படியானால் அந்தத் துடிப்பை மருந்தால் அடக்கினால் மரணம் குறையும் என்று நினைத்தார்கள். நியாயமாகத்தான் தெரிகிறது. அந்த மருந்துகளைக் கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். இதைச் சோதிக்க வந்ததுதான் ‘காஸ்ட்’ ஆய்வு. என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற இரண்டு மருந்துகளின் பகுதியை 1989 ஏப்ரலில் பாதியிலேயே நிறுத்தினார்கள். 1991இல் வந்த முழு அறிக்கையின்படி மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை (மருந்தே இல்லாத போலி மாத்திரை) எடுத்த 743 பேரில் 26 பேர். சராசரியாகப் பத்து மாதம்தான் கவனித்திருந்தார்கள்.

இங்கே பென்சிலை எடுங்கள். 63ஐ 755ஆல் வகுத்தால் 8.3 சதவீதம், 26ஐ 743ஆல் வகுத்தால் 3.5 சதவீதம். ஏறக்குறைய 21 பேருக்கு மருந்து கொடுத்தால் ஒரு மரணம் கூடுதல்.

அடுத்து, ஆய்வுக்குள் யாரை விட்டார்கள் என்ற பத்தியை மெதுவாகப் படியுங்கள். பலர் தாண்டிப்போகும் இடம் இது. காஸ்டில் எல்லோருக்கும் முதலில் மருந்து கொடுத்துப் பார்த்து, யாருக்குக் கூடுதல் துடிப்பு அடங்கியதோ அவர்களைத்தான் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். அதாவது இறந்தவர்கள், மருந்து ‘வேலை செய்த’ ஆட்கள். இ.சி.ஜி. அழகாக மாறியது, ஆள் போய்விட்டார். அளந்தது எது, நோயாளிக்கு வேண்டியிருந்தது எது என்று இரண்டு பத்திகளாக எழுதிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இந்தக் கட்டுரையால்தான் வந்தது.

சரி, மருந்து ஜெயித்த ஆய்வை எப்படிப் படிப்பது? கொலஸ்ட்ராலைக் குறைக்கும் தூள் மருந்தான கொலஸ்டிரமினைப் பற்றி 1984இல் வந்த ஆய்வை எடுங்கள். கொலஸ்ட்ரால் அதிகமுள்ள 3,806 நடுத்தர வயது ஆண்கள், சராசரியாக 7.4 ஆண்டுகள். இதயநோய் 19 சதவீதம் குறைந்தது என்பதுதான் பரவிய செய்தி. சுருக்கத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு நேராக அட்டவணைக்குப் போங்கள். மருந்துக் குழுவில் 1,906 பேரில் 155 பேருக்கு மாரடைப்பு அல்லது இதயநோயால் மரணம். மற்றக் குழுவில் 1,900 பேரில் 187 பேருக்கு. 8.1 சதவீதம், 9.8 சதவீதம். வித்தியாசம் 1.7. கிட்டத்தட்ட அறுபது பேர் ஏழு வருடம் அந்த மணல் போன்ற தூளைக் கரைத்துக் குடித்தால் ஒருவர் தப்புகிறார். (கைக்கணக்கில் குறைவு 17 சதவீதம்தான் வரும், 19 என்பது சில சீரமைப்புகளுக்குப் பிறகு வந்த எண்.) மொத்த மரணத்தையும் தேடுங்கள்: மருந்துக் குழுவில் 68, மற்றதில் 71. விபத்து, தற்கொலை, கொலை ஆகியவற்றால் இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 11, மற்றதில் 4. அது தற்செயலா என்று நெடுநாள் வாதாடினார்கள்.

கணக்கு முடிந்ததும் அதன் பின் வந்த இதழ்களைப் புரட்டி ‘ஆசிரியருக்குக் கடிதங்கள்’ பகுதிக்குப் போங்கள். என்னைக் கேட்டால் கட்டுரையைவிடச் சுவையான இடம் அதுதான். கொலஸ்டிரமின் ஆய்வில் ஒருபக்கச் சோதனையை, அதாவது மருந்து நன்மை செய்ததா என்று மட்டும் பார்க்கும் புள்ளியியல் கணக்கை, வைத்துக்கொண்டு வெற்றி அறிவித்தது சரியா என்று விமரிசகர்கள் கேட்டார்கள். மருந்து கெடுதல் செய்யவே செய்யாது என்று முன்கூட்டியே முடிவுகட்டியவர்தான் அந்தச் சோதனையை எடுப்பார். காஸ்டை நினைத்துப் பாருங்கள், அந்தக் கேள்வியின் கனம் புரியும்.

சண்டை உச்சத்துக்குப் போனதைப் பார்க்க வேண்டுமென்றால் யூ.ஜி.டி.பி. என்ற நீரிழிவு ஆய்வு. 1961இல் தொடங்கி, 1970இல் முடிவு வந்தது. டோல்புடமைடு என்ற நீரிழிவு மாத்திரை எடுத்த 204 பேரில் 26 பேர் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவின் 205 பேரில் 10 பேர். கட்டுரை அச்சாகும் முன்பே செய்தி கசிந்துவிட்டது. மருத்துவர்கள் கொதித்துப்போனதில் அதற்கும் பங்கு உண்டு. குழுக்கள் தொடக்கத்திலேயே சமமாக இல்லை என்றார்கள், சில மையங்களில் மட்டும் மரணம் குவிந்திருக்கிறது என்றார்கள். மூலத் தரவைக் கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980இல் தோற்றார்கள். மருந்து அட்டையில் எச்சரிக்கை ஏற 1984 ஆனது. இப்படிப்பட்ட சண்டையைப் படிக்கும்போது ஒவ்வொரு கடிதத்தின் ஓரத்திலும் நான் ஒரு எழுத்து போடுவேன்: எண்ணைக் குறை சொன்னால் ‘எ’, ஆளைக் குறை சொன்னால் ‘ஆ’. ‘ஆ’ போட்டவற்றை இரண்டாம் முறை படிப்பதில்லை. ‘குழுக்கள் சமமா’ என்ற கேள்விக்கு ‘எ’தான், அட்டவணையைத் திறந்து நீங்களே சரிபார்க்கலாம்.

கடைசியாக, அதே நோயாளிகளைப் பற்றிப் பின்னால் வந்த கட்டுரை உண்டா என்று தேடுங்கள். 1948இல் வந்த பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 காசநோயாளிகளில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். பலர் இதோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 32 பேர், மற்றதில் 35 பேர். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. கூட்டு மருந்து ஏன் தேவைப்பட்டது என்பது அந்த இரண்டாவது கட்டுரையில்தான் விளங்கும்.

தொடங்குகிறவர்கள் ஸ்ட்ரெப்டோமைசினில் தொடங்குங்கள். ஆள் குறைவு, நடை தெளிவு, எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு எது யாருடையது என்று தெரியாமல் வைத்ததையும் விவரமாக எழுதியிருக்கிறார்கள். அப்புறம் காஸ்ட், அப்புறம் கொலஸ்டிரமின். யூ.ஜி.டி.பி.யைக் கடைசிக்கு வையுங்கள். அதற்கு ஒரு வாரக் கடைசி முழுதும் வேண்டும்.