கிராமத்திலிருந்து நகரத்துக்கு: முதல் சில வாரங்களில் என்ன செய்யலாம்

நகரத்துக்கு வந்த புதிதில் பெரிதாக ஒரு வேலையும் செய்யாமலே சாயங்காலத்துக்குள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். இது உங்கள் பலவீனம் இல்லை. ஊரில் எதிரே வருபவர் யார், எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் யோசிக்காமலே தெரியும், இங்கே ஒவ்வொரு முகமும் ஹாரனும் பெயர்ப்பலகையும் புதுசு என்பதால் மூளை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் முழு நகரத்தையும் ஒரேயடியாகப் பழகப் பார்க்காதீர்கள். வீட்டைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போதும்.

படி 1: தூக்கம்

மற்றதெல்லாம் அப்புறம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் வீட்டுக்கு வெளியே சராசரிச் சத்தம் 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. போக்குவரத்து ஓயாத தெருவில் அது நடக்காத காரியம். கட்டிலைத் தெருப்பக்கத்துச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், தெருவிளக்கு உள்ளே விழாதபடி கனமான திரை மாட்டுங்கள். பஞ்சு போன்ற காதடைப்பான் வாங்கினால் அப்படியே திணிக்காமல் விரலால் மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல்தான் பயனில்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அலாரம் கேட்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: நடை

தினமும் வீட்டிலிருந்து ஒரு திசையில் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வேறு தெரு வழியாகத் திரும்புங்கள். மேப்பைப் பையிலேயே வையுங்கள், வழி தப்பினால் மட்டும் எடுங்கள். மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், இரவில் வெளிச்சமுள்ள தெரு, இவை மனசில் பதிந்தாலே பாதிப் பதற்றம் குறையும்.

படி 3: பயணம்

வேலைக்குப் போகும் வழியை விடுமுறை நாளில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். கூட்டமில்லாதபோது எங்கே ஏறி எங்கே மாறுவது என்று தெரிந்துவிட்டால் திங்கள்கிழமை நெரிசலை மட்டும் சமாளித்தால் போதும்.

படி 4: மனிதர்கள்

யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதுதான் நிறையப் பேரை வாட்டும். சமூக உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970-இலேயே இதற்குக் காரணம் சொன்னார்: அளவுக்கு மீறி வந்து மோதும் ஆட்களிலிருந்தும் தகவல்களிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ளவே நகரத்தார் ஒதுங்குகிறார்கள். உங்களை வெறுப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போங்கள், முகம் பழகினால் பேச்சு தானாக வரும். பக்கத்து வீட்டாரிடம் பெயரைச் சொல்லி அறிமுகமாவதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் கூச்சம் கூடும்.

படி 5: பச்சை

மரமும் மண்ணும் கண்ணில் படாத ஏக்கம் நிஜமானது, அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்களே தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் போனாலும் சரி, பிரித்துப் போனாலும் சரி, பலனில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே படி 2-இல் நடக்கும்போதே பக்கத்தில் எங்கே பூங்கா அல்லது ஏரிக்கரை இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.