பிள்ளைகளோடு ரோம் நகரில் நான்கு நாட்கள்: மட்டக்களப்பிலிருந்து திட்டமிடுவது எப்படி

மட்டக்களப்பிலிருந்து இத்தாலியைப் பார்ப்பதற்கென்றே விமானம் ஏறும் குடும்பங்கள் மிகச் சிலவே. சுவிஸிலோ ஜெர்மனியிலோ இருக்கும் அண்ணன் வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ ஒரு கலியாணத்தையோ சாமத்தியச் சடங்கையோ சாட்டாக வைத்துப் போய், இவ்வளவு தூரம் வந்தோமே என்று பக்கத்து நாட்டையும் எட்டிப் பார்ப்பதுதான் நம்மவர் வழக்கம். நாங்களும் அப்படித்தான் போனோம்: மூன்று வாரம் சூரிச்சில் அண்ணன் வீடு, அதற்குள் நான்கு நாட்கள் ரோம். மகனுக்கு அப்போது ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. திட்டத்தை ஐந்து வயதுக் காலின் அளவுக்கு வெட்டித் தைத்த நாட்கள் நன்றாக அமைந்தன. என் ஆசையின் அளவுக்குத் தைத்த நாட்கள் கிழிந்தன.

முதலில் விசா. சுவிஸும் இத்தாலியும் செங்கன் வலயத்துக்குள் இருப்பதால் ஒரே விசா இரண்டுக்கும் போதும், ஆனால் அதிக நாட்கள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். எங்களைப் போல மூன்று வாரப் பயணத்தில் நான்கு நாள் மட்டும் இத்தாலியில் நிற்பவர்கள் சுவிஸுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத் திகதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை பதினைந்து நாள். ஆனால் பரிசீலனை சில வேளைகளில் 45 நாட்கள் வரை நீளலாம் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. 2024 ஜூனிலிருந்து கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டுக்கு உட்பட்டவருக்கு 45 யூரோ, ஆறுக்குக் கீழே இலவசம். எங்கள் நால்வருக்கும் 225 யூரோ வந்தது. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஈடுசெய்யும் பயணக் காப்புறுதியும், திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் ஒவ்வொருவருக்கும் தேவை.

பிள்ளைகளின் பத்திரங்களில்தான் நம்மூரில் சிக்கல் வருகிறது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பதால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும், அந்த மொழிபெயர்ப்பில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். என் மகளின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக விழுந்திருந்ததை, இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போய் விடியற்காலை கோட்டை நிலையத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு பத்திரங்களைப் புரட்டியபோதுதான் கண்டேன். அன்றைய நேர ஒதுக்கீடு வீணாகி, மறுபடியும் ஒருமுறை போய்வர வேண்டியதாயிற்று. ஆகவே மொழிபெயர்ப்பைக் கையில் வாங்கும்போதே கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துச் செல்வதாயின் மற்றவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். விசா கையில் கிடைக்கும் முன் பணம் திரும்பாத வகை விமானச் சீட்டை வாங்க வேண்டாம்.

அடுத்து, எந்த நகரம் என்ற கேள்வி. நான்கு நாளில் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்வார்கள். வேகப் புகையிரதத்தில் ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம்தான் என்பதும் உண்மைதான். ஆனால் நகரம் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டவும், அறையைக் காலி செய்யவும், புது அறை திறக்கும் வரை பெட்டிகளோடு காத்திருக்கவும் அரை நாள் போய்விடுகிறது. வெனிஸ் அழகுதான், ஆனால் அங்குள்ள பாலங்களில் பெரும்பாலானவை படிகள் உள்ளவை, தள்ளுவண்டியை ஒவ்வொன்றிலும் தூக்கி இறக்க வேண்டும். புளோரன்ஸின் செல்வம் பெரும்பாலும் ஓவியக் கூடங்களுக்குள் இருக்கிறது. ரோமில் மட்டும்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி வெட்ட வெளியில் கிடக்கிறது. ஆதலால் ஒரே நகரம், ஒரே அறை என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சூரிச்சிலிருந்து மிலானுக்குப் புகையிரதம் மூன்றே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும், மிலானிலிருந்து ரோமுக்கு இன்னும் மூன்று மணி. வழியில் 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கப்பாதை வருகிறது. உள்ளே நுழைந்ததும் நேரம் பார்க்கச் சொன்னால் மகன் வெளிச்சம் வரும்வரை கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விமானத்தில் வருவோருக்கு, ரோமின் பியூமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து நகரின் பிரதான புகையிரத நிலையமான டெர்மினிக்கு நேரடிப் புகையிரதம் 32 நிமிடத்தில் போகிறது.

காலத்தைப் பொறுத்தவரை நம் பாடசாலை விடுமுறைகள்தான் கையைக் கட்டுகின்றன. ஓகஸ்ட் வெயில் நமக்குப் பழக்கம் என்று நினைப்பது தவறு. இங்கே வாவிக் காற்றும் மர நிழலும் உண்டு, அங்கே நடப்பது முழுவதும் காய்ந்த கல்லின் மேல். ஓகஸ்ட் 15ஐ ஒட்டிச் சிறு கடைகள் பலவும் பூட்டிக் கிடக்கும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். சித்திரை விடுமுறைதான் நல்லது, ஆனால் உயிர்த்த ஞாயிறு வரும் வாரத்தைத் தவிர்த்து மற்ற வாரத்தைத் தெரிவு செய்யுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஊரில் செய்ய வேண்டிய ஒத்திகை ஒன்று உண்டு. புதுச் சப்பாத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டு, காந்தி பூங்காவிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டிக் கடற்கரை வரை நடத்திப் பாருங்கள். எந்த இடத்தில் "தூக்குங்கம்மா" என்ற குரல் வருகிறதோ அந்தத் தூரம்தான் உங்கள் குடும்பத்தின் அளவுகோல். ரோமில் ஒரு காலைப் பொழுதுக்கு அதைவிடக் கூட நடைபோடத் திட்டமிட வேண்டாம். தெருக்களில் சிறு கருங்கற்கள் பதித்திருப்பதால் சின்னச் சக்கரத் தள்ளுவண்டி தடதடத்துச் சிக்கிக்கொள்ளும். எங்கள் வண்டி இரண்டாம் நாளிலிருந்து அறையிலேயே கிடந்தது, மகள் தகப்பனின் தோளில் ஏறிக்கொண்டாள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நகரப் பஸ்ஸும் மெட்ரோவும் இலவசம், ஆகவே களைத்தால் யோசியாமல் ஏறிவிடலாம். டெர்மினியிலும் வத்திக்கானுக்குப் போகும் 64ஆம் இலக்க பஸ்ஸிலும் மட்டும் கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தைச் சமையலறையோடு, டெர்மினிக்கு அருகிலுள்ள எஸ்கிலினோ பகுதியில் பார்ப்பது நம்மவருக்கு வசதி. அங்குள்ள கூரை போட்ட சந்தையில் அரிசி, பருப்பு, கொச்சிக்காய்த் தூள் எல்லாம் கிடைக்கின்றன, ஹலால் இறைச்சிக் கடைகளும் அப்பகுதியில் உண்டு. விடுதிகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கென நகர வரி தனியே அறவிடுவார்கள், பத்து வயதுக்குட்பட்டோருக்கு அது இல்லை.

இனி நாட்களை வகுப்பது. ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். மதியம் உண்டபின் அறைக்குத் திரும்பிப் படுக்க வேண்டும், மாலையில் திட்டம் எதுவும் இல்லாமல் உலாவலாம். கொழும்பிலிருந்து நேரே வருவோருக்குக் காலைப் பொழுது தானாகவே அமையும்: கோடையில் நமக்கும் இத்தாலிக்கும் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம் என்பதால் பிள்ளைகள் அங்கே மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார்கள். அதைச் சண்டை பிடித்து மாற்றாமல், கூட்டம் வருமுன் ஏழு மணிக்குத் திறக்கும் புனித பேதுரு பேராலயத்துக்குக் கூட்டிப்போய்விடுங்கள். உள்ளே நுழையக் கட்டணமில்லை, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். குவிமாடத்துக்கு 551 படிகள், லிஃப்டில் பாதி போனாலும் 320 படி மிஞ்சும். அதை மகனும் தகப்பனும் மட்டும் ஏறினார்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தைச் சிறு பிள்ளைகளோடு பார்க்க நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த சிஸ்டைன் சிற்றாலய விதானத்தைப் பார்க்க நெடுந்தூரக் கூடங்களைக் கூட்டத்தோடு கூட்டமாகக் கடக்க வேண்டும், அதற்குள் பொறுமை தீர்ந்துவிடும்.

பழைய ரோமரின் பெரிய அரங்கான கொலோசியத்துக்கு முற்பதிவு கட்டாயம் என்றே கொள்ளுங்கள். உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் சீட்டுகள் ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு திறக்கின்றன, நல்ல நேரங்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. சீட்டில் பெயர் அச்சிடப்படுவதால் கடவுச்சீட்டைக் கொண்டுபோக வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இலவசம் என்பதை வாசித்துவிட்டு நான் பெரியவர் இருவருக்கும் மட்டும் பதிவு செய்தேன். இலவசச் சீட்டையும் பதிவு செய்துதான் எடுக்க வேண்டும் என்பது வாசலில்தான் தெரிந்தது, பிள்ளைகளுக்காக வெயிலில் வேறொரு வரிசையில் நின்றோம். உள்ளே போகுமுன் ஒரு சிறு கணக்குச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடும்: நம் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628இல், இந்த அரங்கு திறக்கப்பட்டது கி.பி. 80இல். கோட்டையின் வயதைச் சொல்லி, அதற்கு மேல் இன்னொரு ஆயிரத்தைந்நூறு ஆண்டு என்றபோது மகன் சுவரைத் தொட்டுப் பார்த்தான். அதே சீட்டில் பக்கத்திலுள்ள ரோமன் போரம் என்ற பழைய நகர மையத்தின் இடிபாடுகளுக்கும் போகலாம், ஆனால் அங்கே நிழல் குறைவு. மேலே நின்று பார்த்தாலே போதுமானது.

பழைய ரோமரின் கோயிலாக இருந்து பின் தேவாலயமான பாந்தியன்தான் என் தெரிவில் முதலிடம். நாங்கள் போனபோது பெரியவருக்கு 5 யூரோ, சிறுவருக்கு இலவசம், அரை மணியில் பார்த்து முடிக்கலாம். தரையிலிருந்து உச்சிவரை 43 மீற்றர், குவிமாடத்தின் குறுக்களவும் அதேயளவு, உச்சியில் ஒன்பது மீற்றர் அளவில் மூடியில்லாத ஒரு துளை. நாங்கள் போன அன்று தூறல். மழை அந்தத் துளையால் இறங்கி, உள்ளே பளிங்குத் தரையில் விழுந்து, சிறு துவாரங்களால் வழிந்து போய்க்கொண்டிருந்தது. கயிறு கட்டிய இடத்துக்கு இப்பால் நின்று மகள் கையை நீட்டி, "சாமி வீட்டுக்குக் கூரை போட மறந்துட்டாங்க" என்றாள். மழை நாளில் மற்ற இடங்களைத் தள்ளிவிட்டு இங்கே போங்கள். இங்கிருந்து ட்ரெவி நீரூற்று பத்து நிமிட நடை. ஸ்பானியப் படிகளில் உட்காரத் தடை என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். 1874இலிருந்து தெருக்களில் இரும்புக் குழாய்கள் நிற்கின்றன, வளைந்த குழாயைப் பார்த்து மூக்கன் என்ற பொருளில் நசோனே என்கிறார்கள். தண்ணீர் நிற்காமல் ஓடும், குளிர்ந்தது, குடிக்கத் தக்கது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையால் தண்ணீர் வில்லாக எழும்பும், குனியாமலே குடிக்கலாம். இந்த வித்தையைக் கற்றபின் எங்கள் பிள்ளைகள் ஒரு குழாயையும் விட்டுவைக்கவில்லை. மாற்றுச் சட்டை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

உணவில் பெரிய தடை நேரம்தான். உணவகங்கள் இரவில் ஏழரைக்குத்தான் திறக்கின்றன, அப்போது நம் பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். ஆகவே பெரிய சாப்பாட்டை மதியம் பன்னிரண்டரைக்கு வைத்துக்கொண்டு, மாலையில் நிறைக்கு விற்கும் பீட்சாக் கடையில் வாங்குங்கள். எவ்வளவு என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி நிறுத்துத் தருவார்கள். பன்றி இறைச்சி தவிர்ப்போர் "மயாலே" என்ற சொல்லை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும். கார்பொனாரா, அமாத்ரிச்சானா இரண்டு பாஸ்தாவிலும் அது இருக்கும். சுத்த சைவக்காரர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் திரைக்கிறார்கள். பாலாடைக்கட்டி சேராத மரினாரா பீட்சா அவர்களுக்குப் பாதுகாப்பானது.

மூன்றாம் நாளை வில்லா போர்கேசே பூங்காவுக்கு விட்டுவிடுங்கள். மரம், மிருகக்காட்சிசாலை, வாடகைச் சைக்கிள், சிறு குளத்தில் துடுப்புப் படகு எல்லாம் அங்குண்டு. வாவிக்கரையில் வளர்ந்த என் மகனுக்கு அந்தக் குளம் சிரிப்பாக இருந்தது, ஆனாலும் படகை விட்டு இறங்க மறுத்தான்.

திரும்பும் நாளில் டெர்மினிக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். மேடை இலக்கம் பலகையில் கடைசி நேரத்தில்தான் விழும். "பினாரியோ" என்ற சொல்லுக்கு நேரே வரும் எண்தான் அது. ஒருவர் பலகையைப் பார்த்து நிற்க, மற்றவர் பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் ஒரே இடத்தில் நிற்பது நல்லது, ஏனெனில் இலக்கம் விழுந்ததும் முழுக் கூட்டமும் ஒரே பக்கம் திரும்பும்.