பாலைவனத்தில் பருவகால இடிமழையைக் கணிப்பது எப்படி? அரிசோனாவை முன்வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ‘மான்சூன்’ என்று சொல்லப்படுவதை நம்மூர் வடகிழக்குப் பருவமழையை மனத்தில் வைத்துப் புரிந்துகொள்ள முயன்றால் முதல் வாரத்திலேயே ஏமாற்றம் வரும். அங்கே நாள்கணக்கில் அடைமழை பெய்வது அரிது. ஒரே மாலையில் நகரின் ஒரு மூலையில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போகும் இடிமழை, பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு சொட்டுக்கூட விழாமல் முடிந்துவிடும். நமக்குப் பழகியவற்றுள் கோடைக்கால வெப்பச்சலன மழைதான் அதற்கு ஓரளவு நெருங்கியது. பீனிக்ஸ் நகரின் ஆண்டு மழையளவே சராசரியாக 183 மில்லிமீட்டர்தான். அதில் ஏறத்தாழ 62 மில்லிமீட்டர் இந்தப் பருவத்தில் பெய்கிறது. ஆனால் அந்த மழையை விட அதைச் சுமந்து வரும் காற்று, புழுதி, திடீர் வெள்ளம், மின்னல் ஆகியவைதான் உயிரைப் பறிக்கின்றன. அவை பெரும்பாலும் மழை பெய்யும் இடத்தை விட்டு வெகு தொலைவில் வந்து தாக்குகின்றன. ஆகவே இங்கே கணிப்பு என்பது ‘என் தலைக்கு மேல் மழை வருமா’ என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது.

2008 முதல் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை, ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 30 வரை பருவகாலம் என்று நாள்காட்டி வழியாக வகுத்துள்ளது. அதற்கு முன்பு, பனிநிலை வெப்பநிலையின் (காற்றிலுள்ள ஈரம் துளிகளாகத் திரளத் தொடங்கும் வெப்பநிலையின்) அன்றாடச் சராசரி தொடர்ந்து மூன்று நாட்கள் பீனிக்ஸில் 55 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸை, எட்டினால்தான் பருவம் தொடங்கியதாகக் கொள்வார்கள். மக்களை எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதற்குப் புதிய வரையறை வசதியானது. கணிப்பவருக்குப் பழையதே உதவும் என்பது என் கருத்து. காற்றில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்பதை நாள்காட்டி சொல்லாது.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள்

காலையில் எழுந்ததும் காற்றழுத்தம் 500 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரத்து வரைபடத்தைத் திறந்து, அதாவது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று பார்த்து, உயர் அழுத்தத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரிசோனா, யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களின் எல்லைகள் சந்திக்கும் முனையருகே அந்த மையம் அமர்ந்திருந்தால், அதன் தெற்குப் பக்கத்தில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று வீசி, மெக்சிகோவின் சியரா மாத்ரே மலைகளின் மேலுள்ள ஈரத்தை அரிசோனாவுக்குள் தள்ளும். மையம் நேராக அரிசோனாவின் தலைக்கு மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டால் காற்று கீழ்நோக்கி அமுங்கும். வெப்பம் ஏறும், மேகம் எழாது. 2023ஆம் ஆண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, பருவம் முழுவதும் பெய்த மழை 4 மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. மையம் தெற்கே இறங்கி மேற்குக் காற்று வந்துவிட்டாலும் வறட்சிதான்.

உயர் அழுத்தத்தின் தெற்கு விளிம்பில் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்து வரும் மேலடுக்குச் சுழற்சிகளையும் தேட வேண்டும். சாதாரணமான ஒரு மாலையைப் பரபரப்பான மாலையாக மாற்றுபவை பெரும்பாலும் இவைதான். மேலடுக்கைச் சற்றுக் குளிர்விப்பதோடு, இடிமேகங்கள் ஒன்றுசேர்ந்து நீண்ட வரிசையாக நகர்வதற்குத் தேவையான காற்று வேகத்தையும் இவை தருகின்றன.

ஈரத்தை அளவிடுதல்

ஈரம் இரண்டு அடுக்குகளில் வருகிறது. மேலடுக்கு ஈரம் கிழக்கிலிருந்து வரும் என்று பார்த்தோம். கீழடுக்கு ஈரம் கலிபோர்னியா வளைகுடாவின் வழியாகத் தெற்கிலிருந்து வடக்கே பாயும். மெக்சிகோவின் மேற்குக் கடலோரம் ஒரு வெப்பமண்டலப் புயல் கடந்து போனால் இந்தப் பாய்ச்சல் வலுக்கும். அதைக் கண்டுபிடிக்க வளைகுடாவின் தலைப்பக்கம் இருக்கும் யூமா நகரின் மணிவாரிப் பதிவுகளைப் பார்த்தால் போதும்: இரவில் காற்று தெற்கு அல்லது தென்கிழக்கிலிருந்து வலுவாக வீசத் தொடங்கி, பனிநிலை விறுவிறுவென ஏறி, அழுத்தம் உயர்ந்து, வெப்பம் சற்றே குறைந்திருந்தால் ஈரம் வந்துவிட்டது என்று பொருள். அது பீனிக்ஸை எட்டியபின் எழுதப்படும் கணிப்பும் முந்தைய நாள் கணிப்பும் ஒன்றாக இருக்க முடியாது.

அடுத்தது வானிலை பலூன் தரும் தகவல். பீனிக்ஸுக்குத் தென்கிழக்கே உள்ள டூசானிலிருந்தும் வடக்கே உள்ள ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்தும் அனுப்பப்படும் பலூன்கள் உயரத்துக்கு உயரம் வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றைப் பதிவு செய்கின்றன. அதில் ‘மொத்த நீராவி’ என்ற எண்ணை முதலில் பாருங்கள்; காற்றுத்தூணில் உள்ள ஈரம் முழுவதும் நீராகி விழுந்தால் எத்தனை மில்லிமீட்டர் நிற்கும் என்பதே அதன் பொருள். தாழ்ந்த பாலைவனத்தில் 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மலைகளைத் தவிர வேறெங்கும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டியதில்லை. 38ஐத் தாண்டினால் வெள்ளத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும். இவை கோடு கிழித்த எல்லைகள் அல்ல, கைக்கணக்கு மட்டுமே.

பாலைவன இடிமழையின் சூட்சுமம் மேகத்துக்குக் கீழே இருக்கிறது. மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை எவரும் கணக்கிடலாம்: பிற்பகல் வெப்பத்திலிருந்து பனிநிலையைக் கழித்து, வரும் எண்ணை 125ஆல் பெருக்கினால் தோராயமாக மீட்டரில் உயரம் கிடைக்கும். வெப்பம் 42 டிகிரி, பனிநிலை 13 டிகிரி என்றால் வித்தியாசம் 29. மேகத்தின் அடி தரையிலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் நிற்கும். அவ்வளவு தூரமும் உலர்ந்த காற்றின் ஊடாகத் துளிகள் விழ வேண்டும். பாதி வழியில் அவை ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்க, கனத்த குளிர்காற்று கல் விழுவதைப் போலத் தரையை நோக்கி இறங்கி நாலாபுறமும் சிதறும். பலூன் வரைபடத்தில் கீழடுக்கு தலைகீழான ‘வி’ வடிவத்தில் தெரிந்தால் இதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்: குறைந்த மழை, மிகுந்த காற்று. மாறாக, பனிநிலை 20 டிகிரியை நெருங்கி மேகம் தாழ்ந்திருந்தால் காற்றைவிட வெள்ளமே முதல் கவலை. நாளின் முக்கிய ஆபத்து எது என்பதை இந்த ஒரு கழித்தல் கணக்கே பல நேரங்களில் சொல்லிவிடும்.

எங்கே தொடங்கும், எந்தப் பக்கம் போகும்

மாநிலத்தின் நடுவே மொகயோன் விளிம்பு என்ற உயர்ந்த செங்குத்துப் பாறைத்தொடர் ஓடுகிறது. அங்கும் கிழக்கே வெள்ளை மலைகளிலும் நண்பகலிலேயே மேகங்கள் குவியும். பீனிக்ஸ் அதைவிட ஏறத்தாழ 2,000 மீட்டர் தாழ்வில், மூடிபோல் அமுக்கும் சூடான காற்றடுக்கு ஒன்றின் கீழ் கிடப்பதால், அங்கே வெயில் மட்டுமே மேகத்தை எழுப்பப் போதாது. மலையில் பிறந்த இடிமழை அனுப்பும் குளிர்காற்று பள்ளத்தாக்கில் இறங்கி, அங்குள்ள ஈரக் காற்றைத் தூக்கிவிட வேண்டும். எனவே நடு உயரங்களில் காற்று வடகிழக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வீசுகிறதா என்று பார்க்க வேண்டும். வீசினால் மாலை ஆறு மணிக்குப் பிறகு பீனிக்ஸில் ஏதேனும் நடக்க வாய்ப்புண்டு. தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசினால் மலை மழை மலையிலேயே தங்கிவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் எச்ஆர்ஆர்ஆர் போன்ற கணினி மாதிரிகள் உதவிக்கு உண்டு. ஆனால் மாதிரி காட்டும் அழகான மழைப்படத்தில் மயங்கிவிடக் கூடாது. அது காலை எட்டு மணிக்கு பீனிக்ஸின் பனிநிலை எவ்வளவு இருக்கும் என்று நினைத்ததோ, அதை உண்மைப் பதிவோடு ஒப்பிடுங்கள். மூன்று டிகிரி பிசகியிருந்தால் மாலைப் படத்தை ஓரமாக வைத்துவிடலாம். அடுத்தடுத்த நான்கைந்து ஓட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் போக்கை நம்பலாம். ஏதோ ஒரு ஓட்டத்தில் ஏதோ ஒரு தெருவின் மேல் விழும் மழையை நம்ப முடியாது. முந்தைய இரவின் மிச்ச மேகம் காலையில் வானை மூடியிருந்தால் வெயில் ஏறுவது தாமதமாகி அன்றைய மாலை அடங்கிப்போவதும் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் இதை ஏழு மணிக்கே காணலாம்.

பிற்பகலுக்குப் பின் ரேடாரை விட்டு நகரக் கூடாது. இடிமழையிலிருந்து விலகி வில் போல வளைந்து நகரும் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால், அது பூச்சிகளையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு முன்னேறும் குளிர்காற்றின் முகப்பு. இரண்டு கோடுகள் மோதும் இடத்தில் புதிய மேகம் எழ வாய்ப்பு அதிகம். அதே ரேடார், நடுவானில் ஆவியாகிவிடும் மழையையும் தரையில் பெய்வதாகக் காட்டி ஏமாற்றும். மலைகளுக்குப் பின்னால் சில இடங்களில் அதன் பார்வையே எட்டாது.

ஆபத்துகள்

புழுதிப்புயலை அரபுச் சொல்லால் ‘ஹபூப்’ என்கிறார்கள். 2011 ஜூலை 5 மாலை டூசான் பக்கத்து இடிமழைகளின் குளிர்காற்று, இடையிலுள்ள பீனல் மாவட்டத்தின் தரிசு வயல்களைக் கடந்து பீனிக்ஸை அடைந்தபோது, 1,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் அகன்ற புழுதிச் சுவராக மாறியிருந்தது. இதைக் கணிக்க மூன்று கேள்விகள் போதும்: இடிமழை தென்கிழக்கில் உள்ளதா, அதன் காற்று வெறும் மண்ணைக் கடக்குமா, அந்த மண் சமீபத்தில் நனைந்ததா? பருவத்தின் முதல் வாரங்களில் மண் காய்ந்திருப்பதால் ஆபத்து கூடுதல். வண்டியோட்டிகள் சாலையை விட்டு முழுவதும் விலகி நின்று, விளக்குகளை எல்லாம் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பின்விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதையே வழியென்று நம்பி வந்து மோதுவார்.

நேராக இறங்கும் காற்று இன்னும் வேகமானது. 1996 ஆகஸ்ட் 14 அன்று பீனிக்ஸின் டீர் வேலி விமான நிலையத்தில் மணிக்கு 185 கிலோமீட்டர் வேகம் பதிவாயிற்று. காட்டுத்தீ எரியும் இடத்தில் இதே காற்று வேறு வகையில் கொல்லும்: 2013 ஜூன் 28 அன்று யார்னெல் குன்றில் மின்னலால் மூண்ட தீ, இரண்டு நாள் கழித்து அருகிலிருந்த இடிமழையின் காற்று திசை திரும்பியதும் 19 தீயணைப்பு வீரர்களைச் சூழ்ந்து பலிகொண்டது.

வெள்ளத்தைப் பற்றித்தான் மிக நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீல வானத்தின் கீழ் நிற்பவரையும் அது அடித்துச் செல்லும். 1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டிலோப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாறையிடுக்கில் 11 பேர் இறந்தனர். பெருமழை பெய்தது மேல்நீர்ப்பரப்பில், அவர்கள் நின்ற இடத்தில் அல்ல. 2017 ஜூலை 15 அன்று பேசன் நகருக்கு வடக்கே ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 10 பேரைக் கொண்டுபோன வெள்ளம், சில வாரங்களுக்கு முன் காட்டுத்தீயில் எரிந்த சரிவுகளிலிருந்து வந்தது. தீப்பட்ட மண் நீரை உறிஞ்சாமல் வழியவிடும் என்பதால், அதன் கீழ்ப்பக்கத்தில் வெள்ளம் வர அரை மணி நேரக் கனமழையே போதும். ஆகவே ஓடையில் இறங்குமுன் உங்கள் இடத்துக்கான முன்னறிவிப்பை அல்ல, அந்த ஓடை எங்கிருந்து வருகிறதோ அந்த மலைக்கான முன்னறிவிப்பைப் பாருங்கள். வரைபடத்தில் அண்மைக்காலத் தீத்தழும்புகளைக் குறித்து வையுங்கள். புயல்களின் மிச்ச ஈரம் வரும் நாட்கள் வேறு வகை: 2014 செப்டம்பர் 8 அன்று நார்பர்ட் புயலின் எச்சம் பீனிக்ஸில் ஒரே நாளில் 84 மில்லிமீட்டர் கொட்டியது. 30 சென்டிமீட்டர் நீரே சிறிய காரை மிதக்க வைத்துவிடும். தடுப்பைத் தாண்டி வெள்ளத்தில் வண்டியை விட்டு மாட்டிக்கொள்பவரிடமிருந்து மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் தனிச் சட்டமே உண்டு. மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’.

மின்னலுக்குக் கணிப்பைவிடக் கட்டுப்பாடே தேவை. மலையேற்றத்தை நண்பகலுக்குள் முடித்து இறங்கிவிடுங்கள். இடியோசை கேட்டாலே எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் உள்ளேயே இருங்கள்.

கணிப்பை எழுதும்போது மழைக்கு ஒரு விழுக்காடும், காற்றுக்கும் புழுதிக்கும் தனியாக ஒரு விழுக்காடும் கொடுங்கள். ‘மழை வாய்ப்பு 20 விழுக்காடு’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் துணியைக் கொடியில் விட்டுவிட்டு வெளியே போவார். அதே மாலையில் புழுதிக்கு 60 விழுக்காடு வாய்ப்பு இருந்திருக்கலாம். ஓடைகளுக்கு மழை நின்ற நேரத்தை அல்ல, மேலிருந்து நீர் இறங்கி முடியும் நேரத்தையே முடிவாகக் குறிப்பிடுங்கள்.