நாடகம் படிக்கும்போது காசைப் பின்தொடருங்கள்

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ (1959) நாடகத்தைப் பரீட்சைக்குப் படிப்பவர்கள், பணப் பேச்சு வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் தொகையையும் அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதையும் எழுதிக்கொண்டே போங்கள்.

கதையின் முடிச்சு, அப்பா இறந்ததால் குடும்பத்துக்கு வரும் 10,000 டாலர் இன்சூரன்ஸ் காசில்தான் இருக்கிறது. அம்மா 3,500ஐ வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுகிறாள். மீதி 6,500 அவள் மகன் வால்டர் கைக்கு வருகிறது. அதில் 3,000 தங்கை பெனீத்தாவின் மருத்துவப் படிப்புக்கு. அவனோ மொத்தத்தையும் மதுக்கடைக் கனவில் பறிகொடுக்கிறான். சில்லறையையும் விடாதீர்கள். முதல் காட்சியில் மகன் கேட்ட 50 சென்ட்டை வால்டரின் மனைவி ரூத் இல்லையென்கிறாள். வால்டர் பெருமையாக ஒரு டாலராகவே கொடுத்துவிட்டு, சற்று நேரத்தில் வண்டிச் செலவுக்கு அவளிடமே வந்து நிற்கிறான். அவனுடைய தன்மானமும் இயலாமையும் அந்த ஒரு இடத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பெனீத்தாவின் தலைமுடி, அவளுடைய நண்பன் அசகாய் கொண்டுவரும் நைஜீரிய உடை, அம்மாவின் தொட்டிச்செடி பற்றிய கேள்விகளுக்கு இது உதவாது. அவற்றுக்கு வசனத்தோடு மேடைக் குறிப்புகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும்.