மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தவருக்குப் பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது

வெடித்த ரத்தக்குழாய் வீக்கத்தை கிளிப் போட்டோ, காயில் எனும் மெல்லிய கம்பிச் சுருள் வைத்தோ அடைத்தாயிற்று என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வரும். சரி, ஆனால் தலைவலி திடீரென்று இடி மாதிரி வந்த அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதிலிருந்து சுமார் 4ஆம் நாள் தொடங்கி 14ஆம் நாள் வரை இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது: மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்வது.

மூளைக்குப் போகும் பெரிய குழாய்கள் மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்குள்தான் ஓடுகின்றன. அங்கே கொட்டிய ரத்தம் உறைந்து கிடந்து, சிவப்பணுக்கள் மெல்ல உடைந்து, ஹீமோகுளோபின் வெளியே வருகிறது. இந்த ஆபத்து உடனே வராமல் சில நாள் கழித்து வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். குழாயைத் தளர்த்தி வைக்கிற நைட்ரிக் ஆக்சைடை அந்த ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்ளும், சுருக்குகிற எண்டோதீலினோ கூடிவிடும். குழாய் இறுகிக்கொள்கிறது. ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஓட்டத்தைத் தானே சமன் செய்யும் திறனும் கெட்டுவிடுவதால், அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே மூளைக்கு ரத்தம் பற்றாமல் போகலாம்.

நோயாளியைப் பார்க்க உங்களை உள்ளே விடும்போதெல்லாம் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: பெயர் என்ன, எங்கே இருக்கிறோம், இது என்ன மாதம். அப்புறம் கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கையையும் நீட்டச் சொல்லி பத்து வரை எண்ணுங்கள். ஒரு கை மட்டும் மெல்ல உள்பக்கம் திரும்பி இறங்கினால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். "அசதி, தூங்கட்டும்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், வழக்கத்துக்கு மீறிய தூக்கமே முதல் அறிகுறியாக இருக்கலாம். சொல்லும்போது நேரத்தோடு சொல்லுங்கள்: "காலையில 9 மணிக்கு நல்லா பேசினார், இப்போ வார்த்தை குழறுது." நேற்று எப்படிப் பேசினார் என்பது உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

நிமோடிபின் மாத்திரை வழக்கமாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம், 21 நாள். நடுராத்திரியிலும் எழுப்பித்தான் கொடுப்பார்கள், தடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கினால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 30 மில்லிகிராமாகப் பிரித்துக் கொடுப்பதுண்டு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்கேன் படத்தில் தெரியும் குழாய்ச் சுருக்கத்தை இந்த மாத்திரை பெரிதாகக் குறைப்பதில்லை, ஆனால் எடுத்துக்கொண்டவர்கள் மேலாகத் தேறுகிறார்கள் என்பது நிரூபணமானது.

ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்தால் குடிக்கும் தண்ணீரைக் குறைப்பது மற்ற சில நோயாளிகளுக்குச் சரி, இவருக்கு ஆகாது, உடம்பில் நீர் வற்றினால் இறுகிய குழாய்க்குள் ஓட்டம் இன்னும் குறையும். சுருக்கத்தால் கை கால் பலவீனம் வந்துவிட்டால் டாக்டர்கள் அழுத்தத்தை வேண்டுமென்றே மருந்து கொடுத்து ஏற்றுவார்கள். மானிட்டரில் அந்த எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், வெடித்த இடம் அடைக்கப்பட்டிருப்பதால்தான் அதைச் செய்ய முடிகிறது.

21 நாளுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், மீதி மாத்திரையை எண்ணி வாங்கிக்கொண்டு போனில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துவிடுங்கள், ராத்திரிக்கும் சேர்த்து.