கனவுக்கு பலன் தேடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

கனவுல பல்லு விழுந்துச்சு, பாம்பு துரத்துச்சு, செத்துப்போன தாத்தா வந்து கூப்பிட்டாருன்னா காலைல எந்திரிச்சதும் நேரா யூடியூபுக்கு தான் போறோம், ஒருத்தர் பணம் வரும்ங்கறார், இன்னொருத்தர் வீட்டுல சாவு விழும்ங்கறார், அன்னைக்கு முழுக்க மனசு அதுலயே கிடக்குது. மத்த தவறெல்லாம் இதுலேர்ந்து தான் ஆரம்பிக்குது. கனவுல என்ன வந்துச்சுன்னு மட்டும் பாக்குறோம், அது ராத்திரி எத்தனை மணிக்கு வந்துச்சு, வாரத்துக்கு எத்தனை தடவை வருது, அப்போ உடம்பு என்ன பண்ணுச்சு, சமீபத்துல புது மாத்திரை ஏதாவது ஆரம்பிச்சோமான்னு யாரும் பாக்குறதில்ல. டாக்டருக்கு நோயை கண்டுபிடிக்க உதவுறது பெரும்பாலும் இந்த விஷயங்க தான்.

விடியக்காலை கண்ட கனவு பலிக்கும்னு சொல்லுவாங்கல்ல, அப்படி தோணுறதுக்கும் உடம்புல ஒரு காரணம் இருக்கு. தூக்கம் கிட்டத்தட்ட 90 நிமிஷ சுத்து சுத்தா போகும், ஒவ்வொரு சுத்துலயும் ரெம்னு ஒரு கட்டம் வரும், மூடின இமைக்குள்ள கண்ணு வேகமா அசையும். 1953ல சிகாகோ பல்கலைக்கழகத்துல அசெரின்ஸ்கி, கிளைட்மேன்னு ரெண்டு பேர் இதை கண்டுபிடிச்சு எழுதுனாங்க. தெளிவான, கதை மாதிரி போற கனவெல்லாம் இந்த கட்டத்துல தான் அதிகம். முதல் சுத்துல இது சில நிமிஷம் தான், விடிய விடிய நீளும், அதனால தான் விடியக்காலை கனவு அவ்ளோ தெளிவா இருக்கு, உடனே முழிச்சிக்கிறதால ஞாபகமும் இருக்கு. அதை வச்சு பயந்து பொண்ணு கல்யாணத்தை தள்ளி வைக்கிறது, பயணத்தை கேன்சல் பண்றதெல்லாம் தேவையே இல்ல.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வரேன். ரெம் தூக்கத்துல மூளை கை கால் தசையையெல்லாம் கிட்டத்தட்ட பூட்டி வச்சிடும், கனவுல ஓடுனாலும் உடம்பு கட்டில்ல அசையாம கிடக்கும். சிலருக்கு, குறிப்பா 50 வயசு தாண்டின ஆம்பளைங்களுக்கு, இந்த பூட்டு சரியா விழுறதில்ல. கனவுல நாய் துரத்துது, திருடன் வந்துட்டான், இவர் எட்டி உதைப்பாரு, குத்து விடுவாரு, கத்துவாரு, பக்கத்துல படுத்திருக்கிற அம்மாவுக்கு மூக்குல அடி விழும், இல்ல இவரே கட்டில்லேர்ந்து உருண்டு விழுவாரு. எழுப்புனா டக்குன்னு தெளிஞ்சு "நாய் வந்துச்சு, உதைச்சேன்"னு சொல்லுவாரு. வீட்டுல இதை "அப்பாவுக்கு தூக்கத்துல சண்டை போடுற பழக்கம்"னு சிரிச்சிட்டு அம்மா ஹால்ல போய் படுத்துக்குவாங்க, அப்படியே பத்து வருஷம் ஓடிரும்.

தயவு செஞ்சு இதை அப்படி விட்டுறாதீங்க. 1986ல அமெரிக்காவுல மின்னசோட்டாவுல ஷென்க், மஹோவால்ட்னு ரெண்டு டாக்டர்ங்க இதை தனி நோயா பதிவு பண்ணாங்க. பார்க்கின்சன், லூயி பாடி மறதி நோய் மாதிரி மூளை நோய்ங்களுக்கு பல வருஷம் முன்னாடியே வர்ற அறிகுறியா இது இருக்கலாம். 2019ல பல நாட்டு மருத்துவமனைங்க சேர்ந்து இந்த பிரச்சனை இருந்த 1280 பேரை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல 12 வருஷத்துக்குள்ள இந்த மாதிரி நோய் வர்ற வாய்ப்பு 70 சதவீதத்துக்கு மேலன்னு வந்துச்சு. இதை சொல்றது பயமுறுத்த இல்ல. சில மன அழுத்த மாத்திரையாலயும் இதே மாதிரி வரும், தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு நிக்கிற மூச்சு அடைப்பாலயும் வரும், அதனால ராத்திரி முழுக்க வீடியோவோட தூக்க பரிசோதனை பண்ணாதான் உறுதியா சொல்ல முடியும். கூடவே வாசனை சரியா தெரியாம போறது, நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தா அதையும் நரம்பு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஒரு ராத்திரி போன்ல வீடியோ எடுத்து வச்சிக்கிட்டா ரொம்ப உதவியா இருக்கும். டாக்டரை பாக்குற வரைக்கும் மெத்தையை தரையில போடுங்க, பக்கத்துல கண்ணாடி டேபிள், டம்ளர், கத்தி எதுவும் வேணாம், அம்மா தனியா படுக்கட்டும்.

அடுத்தது சுகர். இன்சுலின் போடுறவங்க, கிளைமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்குறவங்க ராத்திரி சரியா சாப்பிடாம படுத்துட்டா நடு ராத்திரில சுகர் இறங்கும், அப்போ கெட்ட கனவு வரும், தலையணை நனையிற அளவுக்கு வேர்க்கும், காலைல தலைவலியோட எந்திரிப்பாங்க. "பாட்டி ஏதோ கெட்ட கனவு கண்டு பயந்துட்டாங்க"ன்னு திருநீறு பூசி படுக்க வச்சிடுவாங்க. திருநீறு பூசுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா அதுக்கு முன்னாடி விரல்ல குத்தி சுகர் பாருங்க. 70க்கு கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையை தண்ணில கலந்து குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. முழுங்க முடியாத அளவுக்கு மயக்கம்னா வாயில எதையும் ஊத்தாம 108க்கு கூப்பிடுங்க. அடிக்கடி இப்படி ஆச்சுன்னா டோஸை மாத்தணும், அதை டாக்டர் தான் மாத்தணும்.

மாத்திரைன்னதும் இன்னொன்னு. தலைவலிக்கும் படபடப்புக்கும் குடுக்குற ப்ரோப்ரனலால், அலர்ஜி, வீசிங்குக்கு பசங்களுக்கு குடுக்குற மான்டெலுகாஸ்ட், சில மன அழுத்த மாத்திரை, இதெல்லாம் சிலருக்கு பயங்கரமான கனவை கொண்டு வரும். மான்டெலுகாஸ்டுக்கு 2020ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை மனநல பக்கவிளைவு பத்தி தன்னோட ரொம்ப கடுமையான எச்சரிக்கையையே மருந்து விவரத்தாள்ல போட வச்சுது. இதுல ரெண்டு தவறு நடக்குது, மாத்திரை மேல சந்தேகமே வராம இருக்கிறது ஒன்னு, சந்தேகம் வந்ததும் தானா நிறுத்துறது இன்னொன்னு. ப்ரோப்ரனலாலை திடீர்னு நிறுத்துனா இதயத்துக்கே ஆபத்தாகலாம், கேட்டுட்டு தான் நிறுத்தணும்.

கெட்ட கனவு வருதுன்னு ஒரு கட்டிங் போட்டு படுக்குறவங்களுக்கும் அதே தான். சரக்கு ராத்திரியோட முதல் பாதில ரெம் தூக்கத்தை அமுக்கும், போதை இறங்குனதும் அது வட்டியோட திரும்பி வரும், கனவு இன்னும் மோசமாகும். வருஷக்கணக்கா தினமும் குடிச்சவங்க திடீர்னு நிறுத்துனா நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம், அதனால டாக்டர் மேற்பார்வைல நிறுத்துறது தான் நல்லது. தண்ணில மூழ்குற மாதிரி, மூச்சு முட்டுற மாதிரி கனவு, கூடவே பெருங்குறட்டை, பகல்ல தூங்கி வழியிறதுன்னா மூச்சு அடைப்பு இருக்கான்னு பாக்கணும்.

குழந்தைங்க விஷயத்துல ரெண்டை போட்டு குழப்பிக்கிறோம். படுத்து ஒன்னு ரெண்டு மணி நேரத்துல எந்திரிச்சு உக்காந்து, கண்ணை திறந்து வச்சிக்கிட்டே அலறும், அம்மாவையே அடையாளம் தெரியாது, வேர்த்து ஊத்தும், காலைல கேட்டா ஒன்னுமே ஞாபகம் இருக்காது. இது ஆழ்ந்த தூக்கத்துல வர்றது, கெட்ட கனவே இல்ல. போட்டு உலுக்கறது, மூஞ்சில தண்ணி அடிக்கிறது, "என்னடா பாத்த, என்னடா பாத்த"ன்னு கேக்குறதெல்லாம் வேணாம். கீழ விழாம பாத்துக்கிட்டு பக்கத்துல இருங்க, சில நிமிஷத்துல தானா அடங்கும். தூக்கம் பத்தலன்னாலும் காய்ச்சல் அடிச்சாலும் இது அதிகமாகும். நிஜமான கெட்ட கனவு விடியப்போற நேரத்துல வரும், குழந்தை முழிச்சிக்கிட்டு கதையையே சொல்லும், அப்போ கட்டிப்பிடிச்சு பேசுங்க. ஒரே மாதிரி வெட்டு வெட்டா கை கால் இழுத்தா அது வலிப்பான்னு டாக்டர் பாக்கணும்.

அமுக்குவான் பேய்க்கும் இதே கதை தான். முழிப்பு வந்துடுச்சு, ஆனா ரெம் தூக்கத்தோட தசை பூட்டு இன்னும் திறக்கல, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கும். மல்லாக்க படுத்தா, நைட் ஷிப்ட்ல தூக்கம் கெட்டா அதிகம் வரும். தலைமாட்டுல இரும்பு வச்சு மனசுக்கு தைரியம் வந்தா வச்சிக்கோங்க, தூக்க நேரத்தையும் சரி பண்ணுங்க. சிரிச்சா முட்டி மடங்குறது, பகல்ல அடக்க முடியாத தூக்கம் இதெல்லாம் சேர்ந்து இருந்தா மட்டும் காட்டணும்.

கடைசியா, ஒரே கனவு திரும்ப திரும்ப வர்றவங்களுக்கு. ஆக்சிடென்ட், பலாத்காரம், கண்ணு முன்னாடி நடந்த சாவு, இதுக்கப்புறம் வர்ற கனவை "மறந்துடு, நினைக்காத"ன்னு சொல்லி வாயை அடைக்கிறோம். அது அவங்க கையில இல்லவே இல்ல. இதுக்குன்னே ஒரு சிகிச்சை இருக்கு, பகல்ல முழிச்சிருக்கும்போது அந்த கனவோட கதையை நம்ம இஷ்டத்துக்கு மாத்தி எழுதி, தினமும் பத்து இருபது நிமிஷம் மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கணும். பைக் ஆக்சிடென்ட்ல தப்பிச்சவருக்கு கனவுல லாரி வெளிச்சம் வருதுன்னா, அவரு பைக்கை ஓரமா டீக்கடைல நிறுத்துறாரு, லாரி தாண்டி போகுது, டீ கிளாஸ் கையில சுடுதுன்னு எழுதலாம். 2001ல பேரி க்ராக்கோவ் குழுவினர் பாலியல் வன்முறைல தப்பிச்ச பெண்கள்கிட்ட இதை செஞ்சு பாத்தாங்க, கெட்ட கனவும் குறைஞ்சுது, தூக்கமும் நல்லாச்சு. ரொம்ப கொடூரமான கனவுல ஆரம்பிக்காம சின்னதுல ஆரம்பிங்க, பெரிய காயம்னா ஒரு மனநல நிபுணரோட சேர்ந்து பண்ணுங்க.

அடிக்கடி வர்ற கெட்ட கனவுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருக்குன்னு பல ஆய்வுங்க காட்டியிருக்கு. வீட்டுல யாராவது படுக்கவே பயப்படுறாங்க, லைட்டை போட்டுட்டு உக்காந்திருக்காங்கன்னா என்ன கனவுன்னு மட்டும் கேக்காதீங்க, "சாகணும்னு தோணுதா"ன்னு நேராவே கேளுங்க, கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி மானஸ், நம்பர் 14416, எந்நேரமும் எடுப்பாங்க, இலவசம், தமிழ்லயே பேசலாம்.