ஜப்பானிய மின்சார லோக்கல் ரயிலின் வகையை அடையாளம் காண்பது எப்படி?

மும்பையில் லோக்கலோடு வளர்ந்த தமிழர்கள் பலருக்கு, வண்டி நடைமேடைக்குள் நுழையும்போதே அது சீமென்ஸ் ரேக்கா, பம்பார்டியர் ரேக்கா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியும். அவர்களே டோக்கியோவுக்கு வேலையாகப் போனாலும், மாட்டுங்காவில் வீட்டிலிருந்தபடி ஜப்பானிய ரயில் காணொளிகளைப் பார்த்தாலும், பக்கவாட்டில் ஓடும் வண்ணப் பட்டையைக் கொண்டு வகையைத் தீர்மானிக்கப் பார்க்கிறார்கள். அங்கே அந்த வழி உதவாது. பட்டையின் நிறம் தடத்துக்கு உரியதே தவிர வண்டி வகைக்கு உரியதன்று. டோக்கியோவைச் சுற்றிவரும் யமனோத்தே தடத்தில் 103, 205, ஈ231, ஈ235 ஆகிய வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியிருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் மஞ்சள் கலந்த பச்சைதான். ஆகவே எண்ணை முதலிலும் நிறத்தைக் கடைசியிலும் பார்க்க வேண்டும்.

பழகுவதற்கு 205 வகையைப் பரிந்துரைக்கிறேன். ஜப்பானிய தேசிய ரயில்வே 1985-இல் யமனோத்தே தடத்தில் இதை முதலில் இயக்கியது. 1994 வரை 1,461 பெட்டிகள் கட்டப்பட்டன. பக்கத்துக்கு நான்கு கதவுகள், 20 மீட்டர் நீளம், வண்ணம் பூசாத துருப்பிடிக்காத எஃகு உடல் என்று எல்லாமே எளிமையானவை. பல தடங்களுக்கும் பின்னர் வெளிநாட்டுக்கும் போனதால், கண்ணை ஏமாற்றும் சூழ்நிலைகள் அனைத்தும் இந்த ஒரே வகையில் கிடைத்துவிடுகின்றன.

பெட்டியின் வெளிப்புறத்திலும், உள்ளே அடுத்த பெட்டிக்குச் செல்லும் வழியை ஒட்டியும் எண் எழுதப்பட்டிருக்கும். அதில் முதலில் வருவன கதகானா என்ற ஜப்பானிய எழுத்துமுறையின் இரண்டு அல்லது மூன்று எழுத்துகள். ஜப்பானிய மொழி தெரியவேண்டியதில்லை. ஐந்து எழுத்துகளின் வடிவம் மனத்தில் நின்றால் போதும். உச்சியில் ஒட்டாமல் இருபுறமும் சரிந்து விரியும் இரண்டு கோடுகள் 'ஹா'. இது சாதாரண வகுப்பு. சிறிய சதுரம் 'ரோ'; கூடுதல் கட்டணம் கேட்கும் கிரீன் பெட்டியின் குறி, நம்முடைய ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு நிகரானது. இந்த வகுப்புக் குறிக்கு முன்னால் நிற்கும் எழுத்துதான் பெட்டியின் வேலையைச் சொல்கிறது. இரண்டு கிடைக்கோடுகளை ஒரு செங்குத்துக் கோடு வெட்டி அடியில் வலப்புறம் வளைந்தால் 'மோ', அதாவது மோட்டார் உள்ள பெட்டி. ஒரு கிடைக்கோட்டை இரண்டு செங்குத்துக் கோடுகள் வெட்டினால் 'ஸா', அதாவது மோட்டாரும் ஓட்டுநர் அறையும் இல்லாத இழுவைப் பெட்டி. இடப்புறம் சரியும் சிறு கோடும், அதன் மேலிருந்து வலப்புறம் சென்று மடங்கிக் கீழிறங்கும் நீண்ட கோடும் சேர்ந்தால் 'கு'; அது ஓட்டுநர் அறை. ஓட்டுநர் அறையும் மோட்டாரும் ஒரே பெட்டியில் இருந்தால் 'குமோ' என்று இரண்டும் சேர்ந்து வரும்.

இந்த எழுத்துகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படித்துச் சென்றால் வண்டியின் வலிமையே தெரிந்துவிடும். மும்பையின் பழைய 9 பெட்டி ரேக்கில் மோட்டார் பெட்டிகள் மூன்றுதான். யமனோத்தேயில் ஓடிய 10 பெட்டி 205 வண்டியிலோ ஆறு. நிலையங்கள் நெருக்கமாக உள்ள தடத்தில் விரைவாக வேகம் எடுக்க இது உதவுகிறது. மோட்டார் பெட்டிகள் 205, 204 என்று இரட்டையராக வருவதையும் கவனியுங்கள்: மேற்கம்பியைத் தொடும் பாண்டோகிராஃப் 'மோஹா 205' பெட்டியின் மேல் இருக்கும், 204 அதன் துணை. வகைக்குப் பெயர் ஒற்றைப்படை எண்ணால்தான். 204 என்ற எண்ணைக் கண்டு வேறு வகை என்று நினைத்துவிடக் கூடாது.

எழுத்துகளை அடுத்து வரும் மூன்று இலக்கங்களில் முதலாவதே முக்கியமானது. 1, 2, 3 என்றால் நேர்மின்சாரம் (டிசி). 4, 5, 6 என்றால் நேர், மாறு ஆகிய இரண்டிலும் ஓடும். 7, 8 என்றால் மாறுமின்சாரம் (ஏசி) மட்டும். மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1925-இல் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு மின்சார ரயில் வந்தபோது நாம் பயன்படுத்தியதும் 205 பயன்படுத்துவதும் ஒரே 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 2016-இல்தான் நாம் அதை முற்றிலும் கைவிட்டோம், மாற்றக் காலத்தில் இரண்டிலும் ஓடும் ரேக்குகளையும் பார்த்தோம். டோக்கியோவின் ஜோபன் தடத்தில் அத்தகைய வண்டிகள் இன்றும் தேவைப்படுவதற்குக் காரணம் சுவையானது: காக்கியோகா என்ற ஊரில் உள்ள புவிகாந்த ஆய்வகத்தின் அளவீடுகளை நேர்மின்சாரம் கெடுக்கும் என்பதால், தோரிதே நிலையத்துக்கு அப்பால் மாறுமின்சாரம் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் தோரிதேயைத் தாண்டிச் செல்லும் வண்டியின் எண் ஈ531; தோரிதேயோடு நின்றுவிடுவது ஈ231. நடு இலக்கம் 0 முதல் 3 வரை இருந்தால் அன்றாடப் பயணிகளுக்கான வண்டி, 5 முதல் 8 வரை இருந்தால் விரைவு வண்டி. முன்னால் உள்ள ஆங்கில 'ஈ', கிழக்கு ஜப்பான் ரயில்வே நிறுவனத்தைக் குறிப்பது.

இனி, அந்த மூன்று இலக்கங்களை அடுத்த சிறு கோட்டுக்குப் (-) பின்னால் வரும் எண். இதைப் பலர் வெறும் வரிசை எண் என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் துணைவகை ஒளிந்திருப்பது இங்கேதான். 205-இல் 500-இல் தொடங்குவது சகாமி தடத்துக்கானது. அதன் முகம் வேறு, கதவைத் திறக்கப் பயணிகளுக்குப் பொத்தானும் உண்டு. 1000-இல் தொடங்குவது மேற்கு ஜப்பான் நிறுவனத்தின் ஹன்வா தடத்துக்காகக் கட்டியது. 5000-இல் தொடங்குவது, பழைய பெட்டிகளில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் பொருத்தி முசாஷினோ தடத்துக்கு அனுப்பியது. இந்தக் கடைசி வகையால், ஓசையை மட்டும் கேட்டு வகை சொல்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இயல்பான 205 மின்தடையங்களைக் கொண்டு வேகம் எடுப்பது, ஆகவே 1993-இல் வந்த 209 போலச் சுருதி ஏறி இறங்கும் கீச்சொலி அதில் எழாது. 5000 வரிசையின் மோட்டார் பெட்டிகளிலோ எழும்.

எண் தெளிவாகத் தெரியாத காணொளிகளில் உடலைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். 205-இன் முகத்தில் கண்ணாடியைச் சுற்றிக் கருப்புச் சட்டம் இருக்கும். பக்கச் சன்னல்கள் குறுக்கே பிரியாத ஒற்றைக் கண்ணாடிகள். முதலில் வந்த நான்கு வண்டிகளுக்கு மட்டும் மேல், கீழ் என்று பிரிந்த சன்னல்கள் இருந்தன. கதவுக் கண்ணாடி சிறியதாக இருந்தால் முற்காலத்துப் பெட்டி, பெரியதாக இருந்தால் பிற்காலத்தது. பக்கத்துக்கு ஆறு கதவுகள் உள்ள பெட்டி ஒன்று இடையில் தென்பட்டால் குழம்ப வேண்டாம். நெரிசலைச் சமாளிக்க 1990 முதல் 205 வண்டிகளில் சேர்க்கப்பட்டவை அவை, காலை நெரிசலில் அவற்றின் இருக்கைகளை மடித்துவிடுவது வழக்கமாக இருந்தது.

ஜகார்த்தாவில் எடுத்த காணொளிகளுக்கும் இதே முறை பொருந்தும். ஜப்பானில் ஓய்வுபெற்ற 205 பெட்டிகள் 800-க்கும் மேற்பட்டவை அங்கே சென்று, 2014 முதல் சிவப்பும் மஞ்சளும் பூண்டு ஓடத் தொடங்கின. நிறம் எதையும் காட்டிக்கொடுக்காது, சன்னலும் முகமும் காட்டிக்கொடுக்கும். ஃபுஜி மலையடிவாரத்தில் ஓடும் ஃபுஜி கியூக்கோ நிறுவனம் வாங்கிய 205 பெட்டிகளுக்கு எண்ணே மாறி 6000 வரிசை என்றாகிவிட்டது. தோக்கியூ, டோக்கியோ மெட்ரோ போன்ற நிறுவனங்களுக்கு இலக்க முறை வேறு என்பதால், பெட்டியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு பிறகு எண்ணைப் படிக்கத் தொடங்குங்கள்.